நிழலில் வேர், வெயிலில் பூ: நம் வளாகத்தில் செங்காந்தள் வளர்க்கலாமா?

(நம் சங்கத்தின் மே மாதப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய பேச்சு. பலர் கேட்டதால் எழுத்தில் தருகிறோம்.)



தண்ணீர் லாரிக் கணக்கு, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் தகராறு என்று ஒரு மணி நேரம் பேசிக் களைத்த பிறகும் ஒரு செடியைப் பற்றிக் கேட்க உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்கே நன்றி சொல்ல வேண்டும்.

ஏ பிளாக்குக்கும் கிழக்கு மதிலுக்கும் நடுவே இருக்கும் நீளத் துண்டு நிலம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வேம்பு, ஒரு புங்கம், மதிலோரம் வரிசையாக நந்தியாவட்டை. அங்கே புல் பதித்தோம், ஒரே கோடையில் காய்ந்தது. ரோஜா வைத்தோம், குச்சியாக நீண்டு நின்றதே தவிரப் பூக்கவில்லை. அந்த இடத்தில் என்னதான் வைப்பது என்று செயலாளர் கேட்டார். செங்காந்தள் வைக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் இருபது பதில். பாதிப் பேர், "காட்டில் வளர்வது வீட்டில் வருமா?" என்று கேட்டிருந்தார்கள். மீதிப் பேர், "அது விஷமாச்சே, குழந்தைகள் ஓடி விளையாடும் இடத்தில் எப்படி?" என்று கேட்டிருந்தார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டாவது கேள்விக்கு விடை காணாமல் முதல் கேள்விக்குப் போய்ப் பயனில்லை. ஆனாலும் செடி எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால்தான் அதன் ஆபத்து எங்கே இருக்கிறது என்பது புரியும். அதனால் செடியிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தப் பூவைப் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்திருந்தும் பெயர் தெரியாதவர்கள் அதிகம். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். காந்தள், கார்த்திகைப் பூ, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு எல்லாம் ஒன்றே. கிழங்கு கலப்பை போல் வளைந்திருப்பதால் ஒரு பெயர். பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்ற ஊர்ப்பேச்சால் இன்னொரு பெயர். பல வருடமாக உற்றுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், என் கண் நன்றாகவே இருக்கிறது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறார். வரிசையில் முதலில் நிற்பது செங்காந்தள். ஆப்பிரிக்காவிலும் இது இயற்கையாக வளர்கிறது. ஜிம்பாப்வேக்குத் தேசிய மலரே இதுதான். அந்த நாடு தெற்கு ரொடீசியாவாக இருந்தபோது, 1947இல் இளவரசி எலிசபெத்தின் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பணம் சேர்த்து வைரத்தில் இந்தப் பூவையே செய்து கொடுத்தார்கள். நமக்கு வைரம் வேண்டாம், கிழங்கு போதும்.

பூவின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆறு இதழ்கள், ஓரமெல்லாம் அலையலையாக, பின்பக்கம் மடங்கி மேலே நிமிர்ந்து நிற்கும். விரியும்போது பச்சை, பிறகு அடிப்பக்கம் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறும், கடைசியில் முழுக்கச் சிவந்துவிடும். ஒரு பூ கிட்டத்தட்ட ஒரு வாரம் நிற்பதால் ஒரே கொடியில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்கலாம். ஆறு மகரந்தத் தாள்களும் குடைக் கம்பி போல் சுற்றிலும் விரிந்திருக்கும். சூல்தண்டு மட்டும் அடியிலேயே முறித்து வைத்தது போல் பக்கவாட்டில் திரும்பியிருக்கும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல் இருக்க அப்படி ஓர் ஏற்பாடு. தேன்சிட்டோ பட்டாம்பூச்சியோ வேறு பூவிலிருந்து கொண்டுவந்து தடவினால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். இதைப் பயிர் செய்கிற விவசாயிகள் காலையில் வயலில் இறங்கிப் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள்.

ஆமாம், இது பயிரும்தான். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி பக்கமும், ஜெயங்கொண்டம், வேதாரண்யம் பக்கமும் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். விதைதான் விளைபொருள். அதிலிருந்து கால்ச்சிசின் என்ற மருந்தை எடுக்கிறார்கள். யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்கும் கௌட் நோய்க்கு டாக்டர்கள் எழுதுவது. அந்த மருந்துதான் விஷமும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது நிழல் சமாசாரம். "நிழலில் வளரும் செடி" என்று நர்சரியில் சொன்னதை நம்பி, வெளிச்சமே எட்டாத மூலையில் வைத்து ஏமாந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். காட்டுச் செடிகளைப் பொறுத்தவரை நிழல் என்பது ஒரே சரக்கு இல்லை. செங்காந்தள் எங்கே வளர்கிறது என்று பாருங்கள். நடுக்காட்டில் அடர்ந்த மரத்தடியில் இருக்காது. களா, காரை, சூரை என்று முள்ளுப்புதர்கள் இருக்கும் இடத்தில், காட்டின் ஓரத்தில், பழைய கிளுவை வேலியில் இருக்கும். கிழங்கு புதருக்கு அடியில், உதிர்ந்த இலைக்குக் கீழே, குளிர்ச்சியான மண்ணில் கிடக்கும். கொடி புதருக்குள் நுழைந்து, கிளையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, வெளிச்சம் கிடைக்கும் இடத்தில் தலையை நீட்டிப் பூக்கும். வேருக்கு நிழல், தலைக்கு வெயில். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி.

நம் கிழக்கு மதிலோரம் அப்படித்தான் இருக்கிறது. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து மணிக்கொரு தரம் போய், வெயில் விழும் இடத்தை மதிலில் சாக்பீஸால் குறித்தேன். யாரோ பிள்ளைகள் கிறுக்கியிருக்கிறார்கள் என்று காவலாளி குழுவில் புகார் போட்டது அதைப் பார்த்துத்தான். தரை கிட்டத்தட்ட நாள் முழுக்க நிழல். ஆனால் ஐந்தடி உயரத்துக்கு மேலே, நந்தியாவட்டையின் தலையில், பதினொன்றரை மணி வரை வெயில் இருக்கிறது. செங்காந்தளுக்கு அது தாராளம். அதே நிலத்தின் தென்கோடியில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், மேலே பார்த்தாலும் வெயில் இல்லை. அங்கே வைத்தால் கொடி வெளுத்து நீளும், பூக்காது. அந்த மூலைக்கு வேறு செடி சொல்கிறேன்.

நந்தியாவட்டை இருப்பது நமக்கு அதிர்ஷ்டம். செங்காந்தளுக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது; இலையின் நுனியே சுருண்டு பற்றுகிறது. மெல்லிய குச்சியைத்தான் அதனால் சுற்ற முடியும். தூணையோ மதிலையோ தடித்த மூங்கிலையோ பிடிக்கத் தெரியாது. புதர்க் கிளை என்றால் தானே ஏறிக்கொள்ளும், கயிறு கட்டும் வேலையும் இல்லை. புதர் இல்லாத வீட்டுக்காரர்கள் விராலிக் குச்சி ஊன்றலாம், கம்பி வலை கட்டலாம். ஆள் உயரத்துக்கு மேலே போகும் கொடி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கிழங்கைப் பற்றி. இரண்டு விரலை விரித்து வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்கு போல் உடம்பெல்லாம் கண் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தக் கை வீண். கிழங்கோ சட்டென்று முறியக்கூடியது. பார்சலில் வரவழைத்தால் நுனியைப் பார்த்து வாங்குங்கள். ஐம்பது அறுபது கிராம் எடையுள்ளதாக இருந்தால் அந்த வருடமே பூக்கும். விதையிலிருந்தும் வளர்க்கலாம், பூவைப் பார்க்க மூன்று நான்கு வருடம் காத்திருக்க வேண்டும்.

எங்கிருந்து வாங்குவது என்பதில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். பயிர் செய்யும் விவசாயியிடம் வாங்குங்கள். காட்டில் தோண்டியதை வாங்காதீர்கள். புதர்க்காடுகளில் இந்தக் கிழங்கைத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இல்லாமல் செய்துவிட்டார்கள். காப்புக்காட்டில் தோண்டுவது சட்டப்படி குற்றமும்கூட. சனிக்கிழமை மலை ஏறிவிட்டு வரும்போது பையில் ஒன்று போட்டுக்கொண்டு வருகிறேன் என்று குழுவில் எழுதிய தம்பி, தயவுசெய்து வேண்டாம்.

ஆனி, ஆடியில், முதல் நல்ல மழைக்குப் பிறகு நட வேண்டும். வேம்பின் அடியிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி. மரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்தால் பட்டை அழுகும். வேரை வெட்டினால் மரம் வாடும். ஒரு செடிக்காக வேம்பைக் கெடுக்க நான் உடன்பட மாட்டேன். வேர் குறைவாக இருக்கும் இடமாகப் பார்த்து, ஒரு முழ அகலத்துக்கு மண்ணைப் பொலபொலப்பாக்கி, செம்மண், மணல், மக்கிய சாணி எரு மூன்றையும் கலந்து, தரையைவிடக் கொஞ்சம் மேடாக அமைக்க வேண்டும். மேடு எதற்கென்றால் ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊர் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நிலத்தின் வடக்குப் பகுதியில் ஒவ்வொரு வருடமும் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் நின்றால் கிழங்கு அழுகும். இந்தச் செடிக்கு வெயில் குறைவதைவிடப் பெரிய பகை அதுதான்.

கிழங்கைப் படுக்கை வசமாக, நான்கு விரற்கடை ஆழத்தில் வைத்து மூடுங்கள். முளை வர இரண்டு மூன்று வாரம் ஆகும். சோம்பேறிக் கிழங்கு ஒரு மாதம்கூட எடுக்கும். பொறுமையில்லாமல் தோண்டிப் பார்த்தால் முளை ஒடிந்துவிடும். புரட்டாசியில் பூக்கத் தொடங்கும், கார்த்திகை வரை பார்க்கலாம்.

மேலே போர்வையாகச் சருகு. துப்புரவு செய்யும் அக்காக்கள் வேப்பஞ்சருகைத் தினமும் பெருக்கி மூட்டை கட்டுகிறார்கள். நாம்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறோம். இந்த ஒரு துண்டு நிலத்தில் மட்டும் சருகை விட்டுவைக்கச் சொல்லுங்கள். காட்டுத் தரை என்றால் அதுதான். மண் காயாது, களை குறையும், மண்புழு வரும். பார்க்கக் குப்பையாகத் தெரிகிறது என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

பூச்சி என்றால் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி போட்ட புழு ஒன்று கூட்டமாக வந்து இரண்டே நாளில் கொடியை மொட்டையாக்கும். வாசலில் இருக்கும் வெள்ளை லில்லியைத் தின்பதும் இதுவே. கையுறை போட்டுப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும். வேப்பெண்ணெய்க் கரைசலும் அடிக்கலாம். வேறு மருந்து வேண்டாம், தேன்சிட்டு வரும் இடம்.

இனி விஷம். இதில் மழுப்பக் கூடாது.

செடியின் எல்லாப் பாகத்திலும் கால்ச்சிசின் இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நடந்திருக்கின்றன. வேகவைத்தாலும் விஷம் முறியாது. மோசமான விஷயம், உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே கஷாயம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று உள்ளே பாதிப்பு தொடங்கியிருக்கும். பிழைத்தவர்களுக்கும் ஒன்றிரண்டு வாரத்தில் முடி கொட்டும். அதனால் யாராவது கடித்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் 108ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செடியின் ஒரு துண்டையும் பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். பாட்டி வைத்தியத்தில் இந்தக் கிழங்குக்கு இடம் உண்டு என்பது எனக்கும் தெரியும். வீட்டில் யாரும் முயல வேண்டாம்.

வாசலில் நிற்கும் அரளியும் விஷம்தானே, அதை யாரும் கேட்கவில்லையே என்று சிலர் எனக்கு ஆதரவாக எழுதியிருந்தார்கள். நன்றி. ஆனால் அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. அரளியைப் பார்த்து யாருக்கும் பசி எடுக்காது. இது உணவுக் கிழங்கு போலவே இருக்கும். காய் வெடித்தால் உள்ளே ஆரஞ்சுச் சிவப்பில் பளபளவென்று விதைகள்; மூன்று வயதுப் பிள்ளைக்கு அது மிட்டாய். ஆபத்து பூவில் இல்லை. காய்க்கும் நாட்களிலும் கிழங்கு தோண்டும் நேரத்திலும்தான் இருக்கிறது. ஆகவே அந்த இரண்டு நேரத்தையும் நாம் அடைத்துவிட வேண்டும்.

பூ வாடியதும் பிஞ்சுக்காயைக் கிள்ளிவிடுவது. நமக்கு விதை வியாபாரம் இல்லை. காய் இல்லாவிட்டால் அந்தச் சத்தும் கிழங்குக்கே போகும். வாரம் ஒருமுறை இதைச் செய்ய ஒரு ஆள் பொறுப்பேற்க வேண்டும். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். அந்த நிலத்துக்கு ஏற்கெனவே இடுப்பளவு கம்பி வேலியும் கதவும் இருக்கின்றன. கதவுக்குப் பூட்டு வேண்டும், பெரிய தமிழ் எழுத்தில் பலகை வேண்டும். நம்மிடம் வேலை செய்பவர்களில் தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள், எனவே இந்தியிலும் எழுதி, படமும் போட வேண்டும். மொட்டைமாடிக் காய்கறித் தோட்டத்தில் இந்தக் கிழங்கு ஒன்றுகூடப் போகக் கூடாது. அங்கே சேம்பும் சேனையும் இருக்கின்றன. நட்டவர் வெளியூர் போயிருக்கும் நேரத்தில் வேறு யாராவது தோண்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். தொட்டியில் வைத்துப் பால்கனியில் வளர்க்க விரும்பும் வீடுகளில் சின்னக் குழந்தை இருந்தால், குழந்தை வளரும் வரை பொறுங்கள் என்பதே என் ஆலோசனை. அவசரம் ஒன்றும் இல்லை.

தோண்டும் விஷயத்தில் இன்னொரு சிக்கல். தை மாசியில் கொடி மஞ்சளாகி, காய்ந்து, தரைமட்டத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். செத்துவிட்டது என்று நினைப்பார்கள். சாகவில்லை, தூங்குகிறது. பழைய கிழங்கு சுருங்கிப் போய், அதன் இடத்தில் புதுக் கவைக்கிழங்கு உருவாகியிருக்கும். அடுத்த மழை வரை அது அப்படியே கிடக்க வேண்டும். அந்த மாதங்களில் தண்ணீர் ஊற்றினால் அழுகும். பக்கத்து வளாகம் ஒன்றில் இப்படித்தான், வெற்றிடமாகக் கிடக்கிறதே என்று கேபிள் பதிக்கத் தோண்டி, கிழங்கையெல்லாம் மண்ணோடு வாரி எங்கோ கொட்டிவிட்டார்கள். செடி போனதுகூடப் பரவாயில்லை. கிழங்கு எங்கே போனது என்று தெரியாததுதான் கவலை. ஆகவே ஒவ்வொரு குழியிலும் வர்ணம் அடித்த இரும்புக் கம்பி ஊன்றி, எண் எழுதி, சங்கப் பதிவேட்டில் வரைபடம் வைக்க வேண்டும். எலக்ட்ரீஷியனோ பிளம்பரோ அங்கே தோண்டுவதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி வேண்டுமா, பேசாமல் வேறு செடி வைக்கலாமே என்று கேட்டால், அதுவும் சரியான யோசனைதான். தென்கோடி மூலைக்கு நான் சொல்ல நினைத்ததும் அதுவே. கனகாம்பரம் கடைச்சரக்கு என்று நினைக்கிறோம். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் சொந்தக் காடு. கொஞ்ச வெளிச்சத்திலும் பூக்கும், யாருக்கும் கெடுதல் இல்லை. ஈரம் நிற்காத ஆனால் காயாத இடம் என்றால் கோஷ்டம் வைக்கலாம். இன்சுலின் செடி என்று நர்சரியில் விற்கிறார்களே, அதன் உறவு. படிக்கட்டு போல் சுழன்று ஏறும் தண்டு, நுனியில் வெள்ளைப் பூ. சங்கம் செங்காந்தள் வேண்டாம் என்று முடிவெடுத்தால் மொத்த நிலத்துக்கும் இவற்றையே வைத்துக் கொடுக்கிறேன். எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது. சரி, கொஞ்சம் இருக்கும்.

ஏனென்றால் இந்த வளாகமே முன்பு புதர்க்காடாக இருந்த நிலம். பத்திரத்திலேயே தரிசு என்றுதான் போட்டிருக்கிறது. எதிர்ப்பக்கக் காலிமனையில், கார்த்திகை மாதத்தில், வேலிக் காத்தானுக்கு நடுவே இரண்டு மூன்று கொடி பூத்ததைப் பழைய குடியிருப்புக்காரர்கள் பார்த்திருப்பீர்கள். போன வருடம் அதையும் ஜேசிபி விட்டுச் சமன் செய்துவிட்டார்கள். ஆறாம் வகுப்புப் பாடத்தில் மாநில மலர் எது என்று கேட்டால் நம் பிள்ளைகள் சரியாகச் சொல்கிறார்கள். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதையும் சேர்த்து ஒரு செடியை நேரில் காட்டிச் சொல்லிக்கொடுக்க இடம் வேண்டாமா என்பதுதான் என் கேள்வி.

இப்போது செயலாளர் கை தூக்கச் சொல்வார். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்காரர்கள் முதலில் சொல்லட்டும். அவர்களில் ஒருவர் வேண்டாம் என்றாலும் நான் வற்புறுத்த மாட்டேன். சரி என்று முடிவானால், முதல் நல்ல மழைக்கு அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு நடலாம். பன்னிரண்டு கிழங்குக்கு மூலனூர் விவசாயி ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கையுறை நான் வாங்கி வருகிறேன். கடப்பாரை இரண்டு வேண்டும், டி பிளாக்கில் யாரிடமோ பார்த்த ஞாபகம்.